எழுத்தாக இருந்தால் வாசித்துவிடுவேன்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் ஒருவருக்குப் பார்வை போய்விட்டது என்று தெரிந்தால், முதல் உதவி பெரும்பாலும் கடல் தாண்டித்தான் வரும். "நல்ல கருவி எது என்று கேட்டுச் சொல்லுங்கள், வாங்கி அனுப்புகிறோம்" என்பார்கள் கனடாவில் இருக்கும் சித்தப்பாவும் லண்டனில் இருக்கும் மச்சாளும். அந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிற குடும்பங்கள் இப்போது அதிகம். கமரா பூட்டிய கண்ணாடி, பேசும் கைக்கடிகாரம், பக்கத்தைக் காட்டினால் வாசிக்கும் இயந்திரம் என்று ஒரு பட்டியலும் கையோடு வரும். என் பதில் அவர்களுக்குச் சப்பென்று இருக்கும். சட்டைப்பையில் இருக்கும் கைபேசியே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். மீதிக் கால்வாசிக்குக் கடையில் எதுவும் விற்பதில்லை. எங்களுக்கு எழுதி அனுப்புகிறவர்கள் மாறினால்தான் அது கிடைக்கும்.

நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய். முதலில் இரவுப் பார்வை போகும். பிறகு பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் மிஞ்சும். பலருக்கு அதுவும் காலப்போக்கில் மங்கிவிடும். எனக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் தெரியும், அவ்வளவுதான். மாலைக்கண் என்று நினைத்து வீட்டில் மாதக்கணக்காகப் பொன்னாங்காணியும் கரட்டும் சமைத்துப் போட்டார்கள். விற்றமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது பயன்படும். மரபணுவால் வரும் இந்த நோயை அது தொடாது. கீரையை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் விரும்பிச் சாப்பிடுகிறேன். ஆனால் பிள்ளை பொழுதுபட்ட பிறகு படலையில் முட்டிக்கொள்கிறது என்றால், கண் வைத்தியரிடம் போவதைக் கீரைக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

அன்ட்ராய்ட் கைபேசிகளில் டோக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஐபோனில் அதற்கு வொய்ஸ்ஓவர் என்று பெயர். 2009 முதல் இருக்கிறது. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று குரலில் சொல்லும். அதைத் திறக்க வேண்டுமென்றால் இரண்டு தரம் தட்ட வேண்டும். பார்வை உள்ளவர்களைக் குழப்புவது இந்த இரண்டு தரம்தான். என் மருமகன் விளையாட்டாகத் தன் தாயின் போனில் டோக்பேக்கைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். தொட்டால் பேசுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. அக்கா போன் பழுதாகிவிட்டது என்று கடைக்கு வெளிக்கிட்டுவிட்டார். ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் டோக்பேக் நிற்கும். மறுபடி பிடித்தால் வரும். அந்தக் குறுக்குவழி வேலை செய்யும்படி அமைப்பில் முதலிலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே போனை வீட்டில் பலர் எடுத்துப் பாவிப்பதாக இருந்தால் இது இல்லாமல் சண்டைதான்.

பழகும்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடிக்கக் கூடாது. முதல் கிழமை அழைப்பு எடுப்பதும் வைப்பதும் மட்டும் போதும். அது கைக்கு வந்த பிறகு குறுஞ்செய்தி, அதற்குப் பிறகு வட்ஸ்அப். குரலின் வேகத்தை முதலில் குறைத்து வைத்துவிட்டு மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். என் போன் பேசுகிற வேகத்தில் என் மாணவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அதில் ஒரு வசதியும் உண்டு. பஸ்ஸில் போகும்போது திரையை மறைக்கும் அமைப்பையும் போட்டுவிடுவேன். திரை கறுப்பாகிவிடும், போன் வழக்கம்போல வேலை செய்யும். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்கிறாரா என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தாலும் அவருக்கும் ஒன்றும் தெரியாது. வங்கியிலிருந்து வரும் கடவு இலக்கத்தைக் காதுக்கருவி இல்லாமல் ஒருநாளும் கேட்க வேண்டாம். பஸ் முழுக்கக் கேட்கும்.

இதெல்லாம் பழகிய பிறகும் சுவர் ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு காலைப்பொழுது படம் ஒன்று வந்தது. டோக்பேக் அனுப்பியவர் பெயரைச் சொன்னது, "படம்" என்றது, நேரத்தைச் சொன்னது. அடுத்து வரிசையாக "ஆழ்ந்த அனுதாபங்கள்", "ஓம் சாந்தி", "கூப்பிய கைகள், கூப்பிய கைகள், கூப்பிய கைகள்". யாரோ காலமாகிவிட்டார்கள். யார் என்பது எனக்கு மட்டும் தெரியாது. மரண அறிவித்தலைப் பூவேலைப்பாடும் புகைப்படமும் வைத்து வடிவாகச் செய்து, ஒரே படமாக அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த இடம், வசித்த இடம், மக்கள் மருமக்கள் பெயர்கள், கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானம் என்று அவ்வளவும் படத்துக்குள்ளே இருக்கிறது. "யார் இறந்தது?" என்று நான் எழுதினேன். "மேலே போட்டிருக்கிறது, பாருங்கள்" என்று ஒரு தம்பி பதில் எழுதினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, குழுவில் நான் இருப்பது அவருக்கு நினைவில் இருந்திருக்காது. ஆனால் இறந்தவர் எனக்குத் தமிழ் சொல்லித்தந்த ஆசிரியர் என்று இன்னொருவர் தொலைபேசியில் சொல்லி, நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் பிரேதம் எடுத்துவிட்டார்கள்.

குழுவை நடத்துகிற அண்ணையிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. படத்தை விட வேண்டாம், அதன் கீழே மூன்று வரி தட்டிப் போடுங்கள். பெயர், ஊர், கிரியை நேரம். இப்போது போடுகிறார்கள். வெள்ளை படர்ந்த கண்ணோடு இருக்கும் வயதானவர்களும் அந்த எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தொலைபேசி எண் எழுதும்போது பத்து இலக்கத்தையும் ஒட்டி எழுதாமல் இடைவெளி விட்டு எழுதச் சொன்னேன். ஒட்டி எழுதினால் சில குரல்கள் அதைக் கோடிக்கணக்கில் வாசித்துத் தள்ளும், எண்ணைப் பிடிக்கவே முடியாது.

படம் ஒரு தொல்லை என்றால் பாமினி இன்னொரு தொல்லை. அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பல வருடங்களாக வினாத்தாள் முதல் கலியாண அழைப்பிதழ் வரை இந்த எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பழகிய கை மாறாது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் எழுத்தின் உருவத்தை மாட்டிவிட்ட வேடம். திரையில் "யாழ்ப்பாணம்" என்று தெரிகிற சொல், கோப்பின் உள்ளே ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இஸட், கே, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். திரைவாசிப்பான் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே கிடப்பதைத்தான் வாசிக்கும். வகுப்புப் பரீட்சைக்கு ஒரு வினாத்தாளை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். முதல் வினாவே என் காதில் பூனை விசைப்பலகையில் நடந்த மாதிரி விழுந்தது. தமிழ் எழுத்துகளுக்கென்றே இடம் ஒதுக்கிய யூனிகோட் 1991 இலிருந்து இருக்கிறது. கைபேசியில் நாம் தட்டும் தமிழ் எல்லாம் அதுதான். பாமினியில் கை பழகியவர்களுக்கும் வழி உண்டு. அதே விசை அமைப்பில் யூனிகோட் எழுதித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, பழைய விரலையே வைத்துக்கொள்ளலாம். எனக்கு வந்து சேரும் பாமினிக் கோப்புகளை இணையத்தில் இலவசமாக இருக்கும் பொங்குதமிழ் எழுத்துருமாற்றியில் ஒட்டி மாற்றிக்கொள்கிறேன். ஆங்கிலச் சொற்கள் நடுவில் வந்தால் அவை தமிழாக மாறி உளறும். அந்த இடங்களைக் கையால் திருத்த வேண்டியதுதான்.

மூன்றாவது, கையெழுத்திட்டு முத்திரை குத்தி ஸ்கான் செய்து எடுத்த பி.டி.எப். சுற்றறிக்கைகள் எல்லாம் அப்படித்தான் வரும். அதைத் திறந்தால் வெறும் பக்கம் என்று சொல்லும். அனுப்புகிறவர்களுக்கு ஒரு எளிய சோதனை சொல்லித் தருகிறேன். கோப்பைத் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சொல் மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் அது எழுத்து, நான் வாசிப்பேன். பக்கம் முழுவதும் அசைகிறதென்றால் அது படம். முத்திரை குத்திய பிரதியோடு, தட்டச்சு செய்த மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். அது எழுதியவரின் கணினியில் எப்படியும் இருக்கும்.

மூலக் கோப்பு கிடைக்காதபோது கூகுள் டிரைவில் படத்தையோ பி.டி.எப்பையோ ஏற்றி, கணினியில் கூகுள் டொக்ஸ் கொண்டு திறந்தால் தமிழ் எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும். நல்ல அச்சாக இருந்தால் வியக்கும்படி வேலை செய்கிறது. பத்திரிகைப் பக்கத்தில் பத்திகளைக் குழப்பிவிடும். பழைய நூல்களில் இன்னொரு சிக்கல். 1978 இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான பக்கங்களில் லை, னை, றா போன்றவை பழைய உருவத்தில் இருக்கும். அந்த இடங்களில் தடுமாறும். 2005 இல் தொடங்கிய, "நூலகம்" என்றே பெயர் கொண்ட இணைய நூலகத்தின் பழைய யாழ்ப்பாண வரலாற்று நூல்களை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். ஒரு பந்தியைத் திருத்தித் திருத்தி வாசிக்கும்போது அது மனதில் நன்றாகவே பதிகிறது. குறையிலும் ஒரு லாபம்.

கடதாசியைக் கைபேசியால் படம் எடுக்கப் பார்வை வேண்டியதில்லை. பக்கத்தை மேசையில் வையுங்கள். இரு முழங்கைகளையும் பக்கத்தின் இரு ஓரத்திலும் ஊன்றுங்கள். கைபேசியைப் பக்கத்தின் நடுவில் கிடத்தி, இரண்டு கையாலும் பிடித்து, சரிக்காமல் நேர்மேலே தூக்குங்கள். முன்கை நிமிர்ந்ததும் எடுக்கலாம். ஏ4 பக்கம் முழுவதும் விழுந்திருக்கும். மின்விளக்குக்கு நேர்கீழே உட்கார்ந்தால் உங்கள் கையின் நிழலே எழுத்தை மறைக்கும், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

கணினிக்கு என்விடிஏ. அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006 இல் தொடங்கி, ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்த இலவசத் திரைவாசிப்பான். இருவரும் பார்வையற்றவர்கள். அது எங்களுக்கு வேண்டியதை வேண்டிய இடத்தில் வைத்திருப்பதிலேயே தெரியும். ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் போட்டு எடுத்துக்கொண்டு போனால், நிறுவாமலே பாடசாலைக் கணினியிலும் இயக்கலாம். கூட வருகிற ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. இயந்திரம் பேசுவதுபோல இருக்கும் என்று பார்வை உள்ள நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் அந்தக் குரல் மழுங்காது, விசையைத் தட்டியதும் பேசும். நீண்ட கட்டுரை வாசிக்க மட்டும் விண்டோஸில் உள்ள தமிழ்க் குரலுக்கு மாறுகிறேன். அதற்கு வள்ளுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சம்பள நிலுவைச் சுற்றறிக்கையை வள்ளுவர் வாசிக்கக் கேட்பது தனி அனுபவம்.

சந்தியில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணைக்கு என் பிரச்சினை தலைகீழாக இருந்தது. போர்க்காலத்தில் பக்கத்தில் ஷெல் விழுந்து ஒரு காது போய்விட்டது. மற்றக் காதும் வயதோடு குறைந்துகொண்டு வந்தது. அவர் கதைப்பது எனக்குக் கேட்கும், நான் கதைப்பது அவருக்குக் கேட்காது. அவர் எழுதிக் காட்டச் சொல்வார், என்னால் எழுத முடியாது. இப்போது அவருடைய போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் இருக்கிறது. வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கி 2019 இல் வெளியிட்ட செயலி அது. நான் பேசப் பேசத் தமிழில் எழுத்தாகப் போகிறது. தையல் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், மின்விசிறியைக் குறைக்க வேண்டும், போனை என் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். எங்கள் பேச்சு வழக்கில் விடுவிடென்று கதைத்தால் அது வேறெதையோ எழுதும். அதனால் வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். காற்சட்டையின் நீளத்தைக் குறைப்பது பற்றி நாங்கள் இருவரும் செய்தியறிக்கை நடத்துவதைக் கேட்டுக் கடைக்கு வருபவர்கள் சிரிக்கிறார்கள். அளவு எண்களை மட்டும் விரலால் காட்டி உறுதிப்படுத்திக்கொள்வோம்.

அவருடைய காதுகேள் கருவி ஒரு காலத்தில் மேசை இலாச்சியில் கிடந்தது. இங்கே பல வீடுகளில் அப்படித்தான் கிடக்கிறது. போட்ட முதல் நாட்களில் தட்டுச் சத்தமும் காகச் சத்தமும் மண்டையைப் பிளக்கும், "சரிவராது" என்று கழற்றி வைத்துவிடுவார்கள். கேட்டல் பரிசோதனை செய்தவரிடமே திரும்பத் திரும்பப் போய் ஒலி அளவைச் சரிசெய்ய வேண்டும், மூளைக்கும் பழகக் காலம் வேண்டும். பரிசோதனை இல்லாமல் மலிவாக விற்கிற ஒலிபெருக்கிக் கருவிகள் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டும். அவை வேறு பொருள். பற்றரி விஷயத்தில் ஒரு குறிப்பு: ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கும் வகை அது. உரித்த பிறகு ஒரு நிமிடம் போல வெளியே வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக நிற்கும். முன்கூட்டியே உரித்து வைத்தால் போடாமலே தீர்ந்துவிடும். எங்கள் வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் கருவி சீக்கிரம் கெடும். இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட டப்பாவில் வைக்கிறார். கருவி கீச்சிட்டால் காது அச்சு சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காதில் குறும்பி சேர்ந்திருக்கிறது.

பிறவியிலேயே கேட்காத பிள்ளைகளின் நிலை இதுவல்ல. அவர்களில் பலருக்கு முதல்மொழி சைகைமொழி, திரையில் ஓடும் தமிழ் எழுத்து அதற்கு ஈடாகாது. அப்படியான பிள்ளை இருக்கும் வீட்டார் செயலி தேடுவதற்கு முன் கைதடி நவீல்ட் பாடசாலையில் போய் விசாரியுங்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது.

வீதிக்கு வெள்ளைப் பிரம்புதான். வாய்க்கால் எங்கே திறந்து கிடக்கிறது, நடைபாதையில் யார் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார் என்று எந்தச் செயலியும் சொல்லாது. வரைபடத்தில் எங்கள் ஒழுங்கைகள் பலவற்றுக்குப் பெயரே இல்லை. காதை அடைக்கும் காதுக்கருவியோடு நடக்கவே கூடாது. கன்ன எலும்பு வழியாக ஒலி தரும் வகை ஒன்று இருக்கிறது, காது திறந்தபடி இருக்கும். வெளிநாட்டு உறவினர் கட்டாயம் ஏதாவது அனுப்பியே தீருவேன் என்றால் அதைச் சொல்லுங்கள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நான் தனியே நடப்பதில்லை. பிரம்பின் தட்டலும் கேட்காது, சத்தமில்லாமல் வரும் மின்சார ஸ்கூட்டரும் தெரியாது. யாருடைய முழங்கையையாவது பிடித்துக்கொள்வேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணத்துக்கு விரலே போதும். 2011 இல் வெளிவந்த தாள்வரிசையில் உயரம் ஒன்றுதான், பெறுமதி கூடக் கூட நீளம் கூடும். ஒரு தாளை அடையாளத்துக்கு வைத்து ஒப்பிட்டுப் பழகலாம். மருந்து மட்டும் இன்னும் தலையிடி. மாத்திரைகளைக் கடதாசிப் பையில் போட்டு, பேனாவால் அவசரமாக எழுதித் தருவார்கள். அந்தக் கையெழுத்தை எந்தச் செயலியாலும் வாசிக்க முடிவதில்லை. வாங்கும் இடத்திலேயே கேட்டு, காலையில் போடுவதற்கு ஒரு ரப்பர் வளையம், இரவில் போடுவதற்கு இரண்டு என்று மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவேன். சந்தேகம் வந்தால் பி மை ஐஸ் செயலியில் வீடியோ அழைப்பு எடுப்பேன். டென்மார்க்கைச் சேர்ந்த, பார்வைக் குறைபாடுள்ள ஹான்ஸ் யோர்கன் வீபெர்க் தொடங்கி, 2015 இல் வெளிவந்தது. மொழியைத் தமிழ் என்று கொடுத்தால் தமிழ் தெரிந்த தன்னார்வலர் எடுப்பார். வங்கி அட்டையையும் அடையாள அட்டையையும் அவர்களுக்குக் காட்ட வேண்டாம். அதே செயலியில் செயற்கை நுண்ணறிவும் படத்தை விவரிக்கிறது. சட்டை நிறம், பால்மா பெட்டியில் உள்ள எழுத்து என்றால் நம்பலாம். மருந்தின் அளவுக்கு நான் அதை நம்புவதில்லை. தெரியாததையும் அது தெரிந்த குரலிலேயே சொல்லும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கட்டடங்களுக்குள் போகும் வழி பற்றி 2006 இல் ஒழுங்குவிதிகள் வந்தன. பார்வையற்றோர் வாசிக்கும் வடிவில் நூல்களைத் தருவதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையில் 2016 இல் இலங்கையும் சேர்ந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் வெளியாகும் ஒரு புத்தகம் என் காதுக்கு வர வேண்டுமென்றால் இன்றும் ஆசிரியரிடம் நேரில் கேட்பதுதான் குறுக்குவழி. வெளியீட்டு விழாக்களுக்குப் போகிறேன், ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்குகிறேன், பிறகு கோப்பைக் கேட்கிறேன். இணையத்தில் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானதே. சிலர் அன்றிரவே அனுப்பிவிடுகிறார்கள். அண்மையில் ஒரு நாவலாசிரியர் அனுப்பினார், பாமினியில். மாற்றி வாசித்தேன். கதை நன்றாக இருந்தது. "வெள்ளம்" வர வேண்டிய இடத்தில் "வெல்லம்" வந்திருந்தது. கண்ணால் பார்த்த அத்தனை பேரும் தவறவிட்டிருக்கிறார்கள், என் ஈஸ்பீக் ஒரே வீச்சில் காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டாம் பதிப்பில் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிப்பின் கோப்பை யூனிகோட்டில் தரும்படி கேட்டு வைத்திருக்கிறேன்.